பதினொரு ரிப்போர்ட்டுகள்

— அந்த ரிப்போர்ட்ல இருந்த சர்க்கரை மாரியப்பன் அண்ணனோடதே இல்ல சார். ரயில்வே ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா உங்க வீட்டுக்குத்தான் வர்றேன்.

— உட்காரு ஜெயப்ரியா. ஞாயித்துக்கிழமை காலம்பற இப்படி மூச்சு வாங்கிண்டு வந்து நின்னா நான் என்னன்னு புரிஞ்சுக்கறது? யாரு மாரியப்பன்?

— எங்க குவார்ட்டர்ஸ்ல எதிர்வீடு. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுல தண்டவாளம் மாத்தி விடுற பாயின்ட்ஸ்மேன். திங்கக்கிழமை இங்க லேப் கவுன்டர்ல ரத்த ரிப்போர்ட் வாங்கியிருக்கார். சர்க்கரை முந்நூத்திப் பத்துன்னு அடிச்சுக் கொடுத்திருக்காங்க. டாக்டர்பாபு அதைப் பார்த்துட்டு மாத்திரை எழுதிட்டார். நேத்து டியூட்டியில ரெண்டு வேகனுக்கு நடுவுல நின்னவர் அப்படியே சாஞ்சுட்டார் சார்.

— பகவானே. இப்போ எப்படி இருக்கார்?

— பொழைச்சுட்டார். வேகன் நகர்றதுக்குள்ள கூட இருந்தவங்க இழுத்துப் போட்டுட்டாங்க. அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாதாம். இல்லாத வியாதிக்கு மாத்திரை சாப்பிட்டதுல ரத்தத்துல இருந்த சர்க்கரையும் இறங்கிடுச்சாம். அவர் சம்சாரம் பாகீரதி அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. நீ வேலை பார்க்குற லேப்தானேங்கறாங்க. எனக்கு எங்க பார்க்குறதுன்னே தெரியல.

— கேளு, முதல்ல கேளு. நீ லேப்ல வேலை பார்க்கலை. நானும் பார்க்கலை. ரத்தம் பார்க்கறது கல்கத்தாவுல காளிகாட் லேப்ல இருக்கற அவா. அங்கேருந்து டெலிபோன் லைன்ல வர ரிப்போர்ட்டை இந்தக் கவுன்டர்ல கொண்டு சேர்க்கறது மட்டும்தான் நம்ம கம்பெனி வேலை. மெஷின்ல தப்பாப் பார்த்திருப்பா.

— கொண்டு சேர்க்குறதுலதான் தப்பு நடந்திருக்கு. ராத்திரியே கவுன்டர்ல உட்கார்ற பெங்காலி அண்ணன், அந்த தாதாகிட்ட சாவி வாங்கி, கம்ப்யூட்டர்ல பதிவான லாக் எல்லாம் பார்த்துட்டேன்.

— யாரைக் கேட்டுண்டு பார்த்தே?

— யாரைக் கேக்கணும் சார்? அந்த சாஃப்ட்வேரை எழுதினது நான்.

— சரி, கோபப்படாதே. எனக்கு இந்த டெக்னிக்கல் எல்லாம் விளங்காது. விளங்கற மாதிரி சொல்லு.

— நம்ம லைன் எவ்வளவு மெதுவுன்னு உங்களுக்குத் தெரியும். ரிப்போர்ட் ஒரே துண்டாப் போறதில்ல. வரி வரியா பாக்கெட்டாப் போகும். ஒவ்வொரு பாக்கெட் நெத்தியிலயும் நாப்பது எழுத்து விலாசம். எங்கேர்ந்து, எங்க, எத்தனாவது துண்டு, இப்படி. சேதி அஞ்சு எழுத்தா இருந்தாலும் விலாசம் நாப்பது. அதான் ஹெட்டர்.

— அதைச் சுருக்கித்தானே நமக்கு இந்த கான்ட்ராக்டே கிடைச்சுது.

— ஆமா. முதல் தடவை மட்டும் முழு விலாசம். அப்புறம் எது மாறியிருக்கோ அது மட்டும். நாப்பது எழுத்து வெறும் நாலாயிடும். மிச்சத்தை இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் ஞாபகத்துலேர்ந்து போட்டு நிரப்பிக்கும். ஒரே நேரத்துல நாலஞ்சு ரிப்போர்ட் வரும்ல, எந்த ரிப்போர்ட்டுன்னு நம்பரைக்கூட ஒவ்வொரு தடவையும் அனுப்புறதில்ல. மாறும்போது ஒருதடவை சொன்னாப் போதும்.

— நன்னாத்தானே இருக்கு?

— மழை இல்லாத வரைக்கும் நல்லா இருக்கு. திங்கக்கிழமை மழையில லைன் கரகரன்னு இருந்திருக்கு. இனிமே வர்றது மூணாம் நம்பர் இல்ல, அஞ்சாம் நம்பர்னு சொல்ற பாக்கெட் வழியிலேயே தொலைஞ்சுபோச்சுன்னு வைங்க. அடுத்து வர்ற வரியெல்லாம் அஞ்சோடது. இங்க இருக்குற கம்ப்யூட்டர் அதை மூணுலயே ஒட்டிக்கிட்டே போகும். பேரு அண்ணனோடது. அதுக்குக் கீழ சர்க்கரை வேற யாரோடதோ.

— அப்படித் தப்பா ஒட்டினா கண்டுபிடிக்க ஒரு கூட்டல் கணக்கு வெச்சிருக்கேன்னு நீதானே சொன்னே? கணக்கு ஒத்துவரலேன்னா பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி அனுப்பச் சொல்லும்னு?

— சொன்னேன். ஆனா அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்விட்சும் எழுதி வெச்சிருந்தேன். டெஸ்டிங்குக்காக. வேலை முடிஞ்சதும் எடுத்திருக்கணும், எடுக்கல. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

— ஜெயப்ரியா...

— திங்கக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு அந்த செக்கிங்கை யாரோ நிறுத்தியிருக்காங்க. அஞ்சு நாப்பதுக்குத் திரும்பப் போட்டிருக்காங்க. நடுவுல பதினொரு ரிப்போர்ட் வந்திருக்கு. நான் அன்னிக்கு லீவு. கவுன்டர் தாதாவுக்கு பாஸ்வேர்ட் தெரியாது.

— நான்தான்.

— தெரியும் சார். உங்க வாயால கேக்கணும்னுதான் வந்தேன்.

— என்ன பண்ணச் சொல்றே? மழையில நாப்பது பேர் நிக்கறா. ஒரு ரிப்போர்ட்டுக்கு இருபது நிமிஷம். தூக்கிப் போடறது, மறுபடி கேக்கறது, மறுபடி தூக்கிப் போடறது, அதையே பண்ணிண்டிருக்கு. ஒருத்தன் மேஜையைத் தட்டறான். காளிகாட்லேர்ந்து லேப் முதலாளி போன்ல கத்தறார், இதுக்கு ஒரு ஆளை லோக்கல் ரயில்ல ஏத்தி விட்டிருந்தாலே சீக்கிரம் வந்திருக்குமேன்னு. நீ ஒருநாள் காட்டினியே, இதை அழுத்தினா சர்ருன்னு போகும்னு. அழுத்தினேன். போச்சு.

— சர்ருன்னு போகும், ஆனா தொடாதீங்கன்னும் சொன்னேன்.

— சொன்னே. வேகம்தான் கூடும்னு நினைச்சேன். இப்படி ஆள் மாறிப்போகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இன்னிக்கு நீ வந்து சொல்லித்தான் எனக்கே தெரியறது.

— நீங்க தெரிஞ்சு செய்யலேன்னு எனக்குத் தெரியும் சார். அதனாலதான் நேரா லேபுக்குப் போகாம இங்க வந்தேன். இப்பவே கிளம்பலாம். காளிகாட் லேப்ல கைப்பட எழுதின ரிஜிஸ்டர் இருக்கு. அதைத் திறந்து பார்த்தா யாருக்கு என்னன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

— ரிஜிஸ்டரைக் கேட்டா முதலாளி ஏன்னு கேப்பார்.

— சொல்லிடலாம்.

— சொன்னா அடுத்த நிமிஷம் கான்ட்ராக்ட் போயிடும். நாம ஆறு பேர் இருக்கோம். துர்கா பூஜைக்கு இன்னும் பதினெட்டு நாள். வாஞ்சிநாதனுக்கு இப்பத்தான் குழந்தை பொறந்திருக்கு. உங்க அப்பா இந்த வருஷம் ரிடையர் ஆறார், நீ குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். இதெல்லாம் யோசிச்சியா?

— ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. ஆனா சார், முந்நூத்திப் பத்து அண்ணனுக்கு இல்லேன்னா வேற யாருக்கோ இருக்கு. அந்த ஆள் கையில உடம்புக்கு ஒண்ணுமில்லைங்கற காகிதம் இருக்கு. ஆறு நாளா சந்தோஷமா ரசகுல்லா சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க. அவங்க எங்க மயங்கி விழுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?

— எல்லா ரிப்போர்ட்டும் தப்பா இருக்கணும்னு இல்லையே.

— இல்லதான். ஒண்ணு தப்பா, ஒன்பது தப்பான்னு நமக்குத் தெரியாது. எனக்கு லாக்ல நம்பர்தான் இருக்கு, பேர் இல்ல. பேரெல்லாம் கவுன்டர் நோட்டுல இருக்கு. அந்த நோட்டும் நேத்து மேஜையில இல்ல.

— நான்தான் ஆபீஸுக்கு எடுத்துண்டு போனேன். மாசக் கடைசி வேலைக்காக. பத்திரமா இருக்கு.

— அப்போ ஆபீஸுக்குப் போய் எடுத்துக்கலாம். ரிஜிஸ்டர் வேண்டாம்னாக்கூட பதினொரு வீட்டுக்கும் நானே நடந்து போய்ச் சொல்றேன். இன்னொரு தடவை ரத்தம் கொடுங்க, அவ்வளவுதான்.

— ஒருத்தர்கிட்டச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சுடும். கேளு, முதல்ல கேளு. எனக்கு ரெண்டே ரெண்டு நாள் கொடு. முதலாளியை நான் பக்குவமாப் பார்த்துப் பேசறேன். கம்பெனியும் இருக்கணும், அவாளுக்கும் நல்லது நடக்கணும். உன்னை என் பொண்ணு மாதிரி நினைச்சுத்தான் கேக்கறேன்.

— ரெண்டு நாள் முடியாது சார்.

— நாளைக்குக் காலம்பற. பத்து மணி. உன்னையும் கூட்டிண்டே போறேன். நானே என் வாயால சொல்றேன். நம்பு.

— சரி. நாளைக்குப் பத்து மணி. உங்களை நம்பித்தான் போறேன். என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க, வந்த வேகத்துல ஏதேதோ பேசிட்டேன்.

— அதெல்லாம் ஒண்ணும் இல்லேம்மா. நீ இன்னிக்கு ஆத்துக்குப் போய்த் தூங்கு.

— ஏன்னா, கதவை ஆன்னு திறந்து போட்டுண்டு உட்கார்ந்திருக்கேளே? அட, ஜெயப்ரியாவா. எப்போடி வந்தே? கண்ணெல்லாம் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?

— ராத்திரி தூக்கம் இல்ல மாமி. கிளம்பிட்டேன்.

— சுப்புலு, நீ உள்ளே போ. ஆபீஸ் விஷயம் பேசிண்டிருக்கோம்.

— போறேன், போறேன். உங்க காரியமாத்தான் ஹவுரா வரைக்கும் போய் பஸ்ஸுல நசுங்கிண்டு வரேன். இந்தாங்கோ ரிப்போர்ட். எனக்கு ஒண்ணுமே இல்லையாம். இப்பவாவது நிம்மதியா இருங்கோ.

— ஹவுராலயா எடுத்தீங்க மாமி? நம்ம கவுன்டர் பக்கத்துலயே இருக்கே.

— அங்கேயும்தான் எடுத்தேன். திங்கக்கிழமை அத்தனை மழையில குடையும் இல்லாம நின்னு ரிப்போர்ட் வாங்கிண்டு வந்தேன். மறுநாள் பொழுது விடியறதுக்குள்ள இவர் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு, வா, வேற லேப்ல மறுபடி ரத்தம் கொடுக்கணும்னு இழுத்துண்டு போயிட்டார்.

— மறுநாளா? செவ்வாய்க்கிழமையா மாமி?

— சுப்புலு, போறும்.

— செவ்வாய்க்கிழமைதான். ஏன்டி என்னை இப்படிப் பார்க்கறே? திங்கக்கிழமை வாங்கின எல்லாருக்கும், ரிப்போர்ட் மாறிப்போயிருக்கும், மறுபடி ரத்தம் கொடுங்கோன்னு அன்னிக்கே சொல்லியாச்சு, ஜெயப்ரியாதான் வீடு வீடாப் போய்ச் சொன்னாள்னு என்கிட்டச் சொன்னாரே.