பிக்கப்பை ஆட்டிய அரிசி மூட்டை

மோர்னிங்சைட் பஸ்ஸில் என் முன்சீட்டு இளைஞர், "அண்ணை, கூடாரம் அடிக்கக் காம்பிங் போகேக்க என்ர மனிசியின்ர அரிசி மூட்டையால சாகப் பாத்தம்," என்றார். நான் வெளியே பார்ப்பதாக நடித்தேன்.

"காம்பிங்குக்கோ அரிசி மூட்டை?" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர்.

"சோறு காய்ச்சிற பெரிய கிடாரமும்தான். எல்லாத்தையும் பிக்கப் வண்டியில கொழுவின ட்ரெயிலரின்ர பின்பக்கத்தில ஏத்தினவ. ஹைவேயில வேகம் எடுத்தன், ட்ரெயிலர் மாட்டு வால் மாதிரி ஆடி, பிக்கப்பையும் சேர்த்து இழுக்குது. பிள்ளையள் கத்துதுகள்."

"பிறேக் அடிச்சனியோ?"

"இல்லை. காலை எடுத்து மெல்ல மெல்ல நிப்பாட்டினன். பாரமெல்லாத்தையும் முன்பக்கம் மாத்தினம். பிறகு ஆட்டமே இல்லை, சுகமாப் போய்ச் சேர்ந்தம்."

"அப்பாடா! மனிசி பயந்திருப்பாவே?"

"அவவோ? 'முன்னுக்கு இவ்வளவு இடம் இருக்கெண்டு சொல்லியிருந்தா ஆட்டுக்கல்லையும் ஏத்தியிருப்பன்' எண்டு என்னை ஏசினவ."