பேர் சொல்ல முடியாத சரக்கு

— அத்தா, நீங்க அந்த வரிசையில போய் உட்காருங்க. எதிர்த்துப் பேசறவங்களுக்கு அங்கதான் நாற்காலி போட்டிருக்காங்க.

— மருமகளை இங்க தனியா விட்டுட்டு அங்க போய் உட்காரணுமா? கதவு திறக்கட்டும், போறேன். இந்தா, சம்சாவைப் பிச்சு வாயில போடு. காலையிலேர்ந்து வெறும் டீ.

— இறங்காது.

— பயமா, சைரகுல்?

— பயம்தான். உஸ்பெக் பக்கத்து அதிகாரிங்க, நம்ம தலைநகர் பிஷ்கெக்லேர்ந்து வந்த அதிகாரிங்க, எல்லாரும் உள்ள இருக்காங்க. ரெண்டு நாட்டு வியாபார ஒப்பந்தத்துல பொம்பளைங்களுக்குன்னு ஒரு பிரிவு வேணுமா வேண்டாமான்னு இன்னிக்கே பேசி முடிச்சுடுவாங்களாம். ஓஷ் பஜார்ல எங்க சந்துப் பொம்பளைங்க அத்தனை பேரும் என்னைத்தானே நம்பி அனுப்பியிருக்காங்க.

— எங்க வியாபாரிங்க சங்கத்துல, வேண்டாம்னு சொல்ல என்னை நம்பி அனுப்பியிருக்காங்க. நான் சொல்லப்போறது உனக்குத் தெரிஞ்சதுதான். தராசு தராசுதான். கல்லு வைக்கறவன் ஆம்பளையா பொம்பளையான்னு அது கேக்குதா? ஒப்பந்தம்னா எடை, வரி, சரக்கு. வேற என்ன?

— தராசு கேக்கல அத்தா. எல்லையில தராசுக்குப் பின்னாடி நிக்கறவன் கேக்கறான். ‘சரக்கு யாரோடது, வீட்டு ஆம்பளை எங்க’ன்னு. உங்க மகன் மாஸ்கோவுல கட்டட வேலையில இருக்காருன்னா, ‘அப்போ அவர்கிட்ட கடுதாசி வாங்கிட்டு வா’ங்கறான். விளைவிச்சது நான், மூட்டை கட்டினது நான், லாரிக்காரங்க வரிசையில முதுகுச் சுமையோட நின்னதும் நான்.

— அந்த ஒருத்தன் முட்டாள். ஒரு முட்டாளுக்காக ரெண்டு நாடு சட்டம் போடணுமா? அதுவும் எல்லையில பொம்பளைங்களுக்குன்னு தனி ஜன்னல். நாளைக்கே ‘எங்களை ஒதுக்கி வெச்சுட்டாங்க’ன்னு நீங்களே அழப்போறீங்க.

— இப்போ மட்டும் நடுக்கூடத்துலயா வெச்சிருக்காங்க? சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, உங்க சங்கத்துல எத்தனை பொம்பளைங்க இருக்காங்க?

— சேரக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே.

— வாங்கன்னும் யாரும் சொல்லல.

— வாய் நீண்டுடுச்சு உனக்கு. உங்கத்தை இருந்திருந்தா முக்காட்டை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சிருப்பா. சரி, உள்ள என்ன சொல்லப்போறே? சொல்லிக்காட்டு. நான்தான் அதிகாரின்னு வெச்சுக்கோ. அம்மா, அன்னிக்கு எல்லையில உங்க சரக்கு ஏன் நின்னுது?

— பேப்பர்ல ஒண்ணு இருந்தது, மூட்டையில ஒண்ணு இருந்தது, அய்யா.

— பேப்பர்ல என்ன?

— வெங்காயம்.

— மூட்டையில?

— வெள்ளைத்தலை.

— அப்படின்னா? எழுதிக்கணும், சரியாச் சொல்லுங்க.

— அத்தா, வேண்டாமே.

— உள்ள இதைத்தானே கேப்பாங்க.

— அன்னிக்கு எல்லையில பேப்பர் எழுதறவனும் இதைத்தான் கேட்டான். வெள்ளைத்தலைன்னேன், பல்லு பல்லா உரிக்கறதுன்னேன், வாடை போகாதுன்னேன். அவன் பொறுமையில்லாம வெங்காயம்னு எழுதி அனுப்பிட்டான். அடுத்த கேட்ல அவிழ்த்துப் பாத்தாங்க. பேப்பர்ல வெங்காயம், மூட்டைக்குள்ள நீங்க.

— நானா? நல்லா இருக்கும்மா கதை.

— சிரிக்காதீங்க. சரக்கை நிறுத்தி வெச்சதுல மழையில கிடந்து மொத்தமும் முளை விட்டுடுச்சு. அங்க ஒரு பொம்பளை அதிகாரி இருந்திருந்தா, ‘என்ன, உன் மாமனார் பேரா’ன்னு காதோட காதா கேட்டிருப்பா. அவளும் ஒரு வீட்டு மருமகதானே. அதுக்குத்தான் அத்தா தனி ஜன்னல் கேக்கறோம்.

— எங்கம்மாவைச் சொல்லணும். எனக்கு முன்னாடி பொறந்ததையெல்லாம் மண்ணுல வெச்சுட்டா. இதுவாவது நிக்கட்டும், யார் கண்ணும் படக்கூடாதுன்னு எனக்குப் பூண்டுப் பேரை வெச்சா. சாரிம்சாக். பஜார்ல கூவி விக்கறதும் அதுதான், என் பாஸ்போர்ட்ல இருக்கறதும் அதுதான். வரப்போற மருமக அதையே பயிர் பண்ணி விப்பான்னு அவளுக்குத் தெரியுமா?

— கல்யாணமாகி உங்க வாசப்படி ஏறின நாள்லேர்ந்து அந்த வார்த்தை என் நாக்குல வந்ததில்ல. சட்டியில போடும்போது மனசுக்குள்ளகூட வெள்ளைத்தலைதான்.

— உள்ள போய் அதையே சொன்னா எங்க சங்கத்து ஆளுங்க வயிறு வலிக்கச் சிரிப்பாங்க. விக்கற சரக்குக்குப் பேர் சொல்லத் தெரியாதவளுக்குத் தனிச் சட்டமான்னு கேப்பாங்க. நானே கேக்கலாம். கேட்டா ஜெயிச்சுடுவேன்.

— கேளுங்க. உங்க முறை வரும்போது கேளுங்க. நான் குறை சொல்லமாட்டேன்.

— கேக்கமாட்டேன். நீ வாயைத் திறக்க முடியாம நின்னு, அதனால நான் ஜெயிச்சா, நீ சுட்டுப் போடற ரொட்டி என் தொண்டையில இறங்குமா? எதிர்த்துத்தான் பேசப்போறேன், அதுல மாத்தமில்ல. ஆனா நீ முழுசாப் பேசி முடிச்சப்புறம் பேசறேன். துஆ கேக்கற மாதிரி கையை ஏந்து.

— எதுக்கு?

— ஏந்தும்மா. இந்த நிமிஷத்துலேர்ந்து என் பேரைச் சொல்ல என் மருமகளுக்கு அனுமதி கொடுத்தேன். இதுல குத்தம் ஏதாவது இருந்தா அது என் தலையோட போகட்டும். ஓமின்.

— ஓமின்.

— இப்போ சொல்லு. மூட்டையில என்ன இருந்தது?

— நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.

— திரும்பிட்டேன். சுவத்தைத்தான் பாக்கறேன்.

— சா… வரமாட்டேங்குது அத்தா.

— கதவு திறக்கற சத்தம் கேக்குது பாரு.

— சாரிம்சாக்.

— …

— அத்தா? தப்பாச் சொல்லிட்டேனா? என்ன, சிரிக்கறீங்களா? தோள் குலுங்குதே.

— சிரிக்கலம்மா. உங்கத்தை கடைசி மூச்சு வரைக்கும் என்னை ‘இங்க பாருங்க’ன்னுதான் கூப்பிட்டா. எங்கம்மா போனதுக்கப்புறம் ஒரு பொம்பளை வாயால என் பேரை இன்னிக்குத்தான் கேக்கறேன். இன்னொரு வாட்டி சொல்லு.