செம்பட்டை வளையம்

ஆடாதீங்கக்கா, பிரஷ் காதுல பட்டுடும். இல்ல, எரியாது. முந்தாநாளே காதுக்குப் பின்னால ஒரு கீத்து முடி எடுத்து ப்ளீச் பூசிப் பாத்தோமே, மறந்துட்டீங்களா? முழுத்தலையில கைவைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கீத்துல பாத்துக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான.

ஆமா, இன்னிக்கு நான்தான் பேசுறேன். வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமான்னு கிண்டல் பண்ணுவீங்கள்ல? கொட்டட்டும் விடுங்க.

நாங்க இங்க குடிவந்த புதுசுல நீங்க மாடிப்படி எறங்கி வந்தீங்க. வெயில் பட்டு முடியெல்லாம் பொன்னு பொன்னா. அவரு நின்னு பாத்துட்டு, உனக்கும் இப்படி இருந்தா நல்லாருக்கும்ல அப்படின்னாரு. என் புருஷன் வாயிலேர்ந்து என்னப் பத்தி ஒரு வார்த்த வர்றதே அபூர்வம். மறுநாளே மேல வந்து உங்க கதவத் தட்டினேன். கூச்சத்துல பேச்சு வரல, பின்னலத் தூக்கிக் காட்டினேன். சிரிச்சீங்க. கருப்பு முடி ஒரே நாள்ல பொன்னாகாதும்மா, அவசரப்பட்டா நாரு நாராக் கையோட வந்துடும், மெதுவாத்தான் போகணும்னீங்க.

மெதுவாத்தான் போனோம். மெல்லிசாக் கீத்து கீத்தா எடுத்து, வீரியம் கம்மியான கலவையத் தடவி, நடுவுல வாரக்கணக்கா முடிக்கு ஓய்வு குடுத்து. மொதல்ல செங்கல் கலரு, அப்புறம் செம்பு. பின்பக்கம் மட்டும் ஒருத்தருக்கு ஒருத்தர் பூசிவிட்டுக்குவோம். ரெண்டு கண்ணாடி வெச்சாலும் கை எதிர்ப்பக்கமாத்தான போகுது.

என்னோடது இன்னும் செம்புலயே நிக்குது. நீங்க விட்டாத்தான? முடி களைச்சுப் போயிருக்கு, அடுத்த மாசம் பாக்கலாம்னு தள்ளிக்கிட்டே வந்தீங்க. கூடப் பொறந்தவ கூட இப்படிப் பாத்துக்க மாட்டான்னு எங்கம்மாகிட்ட பெருமையாச் சொல்லி வெச்சிருக்கேன்.

கொஞ்சம் குனிங்க. ம்.

அவரு வாட்ச்சு தெரியும்ல? கண்ணி கண்ணியா இரும்புப் பட்டை. அதுல ஒரு முடி மாட்டியிருந்துச்சு. கேட்டேன். உன் முடிதான் வீடெல்லாம் கொட்டுது, இந்தக் கருமத்த விட்டுத் தொலைன்னாரு. எனக்காகக் கவலப்படுறாரேன்னு ஒரு நிமிஷம் சந்தோஷம் கூடப் பட்டேன். எவ்வளவு பைத்தியம் பாருங்க.

அப்புறம் வெளக்குக்குக் கீழ வெச்சுப் பாத்தேன். செயற்கைப் பல்லு செய்யுற எடத்துல வேல பாக்குறவ நான். பக்கத்துப் பல்லுக்கும் நாங்க செஞ்ச பல்லுக்கும் இம்மி மாறினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. அந்த முடி செம்பு இல்லக்கா. ஊதா ஷாம்பு போட்டு மஞ்சள எடுத்த முடி. நான் இன்னும் போய்ச் சேராத கலரு.

எந்திரிக்காதீங்க, முடியச் சுத்தின ஃபாயில் அவுந்து மருந்து கண்ணுல வழியும்.

அந்தக் கலரு ஊருல நெறைய பேருக்கு இருக்கு, அதானே? நானும் அப்படித்தான் மனசத் தேத்திக்கிட்டேன். போன தடவ உங்களுக்குப் பூசிட்டிருக்கும்போது ஃபோன் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போனீங்க. திரும்பி வந்து உக்காந்தப்ப எதுவரைக்கும் பூசினேன்னு எனக்குப் பிடிபடல. பின்கழுத்துக்கிட்ட, புதுசாப் பூசினதுக்கும் பழைய வெளுப்புக்கும் நடுவுல ஒரு விரல் அகலம் விட்டுப்போச்சு. அரைகுறையா மருந்து பட்டு, செம்பட்டையா ஒரு வளையம். மேல்முடி மூடிக்கும், யாருக்கும் தெரியாது. உங்களுக்கே தெரியாது. இன்னிக்குச் சத்தமில்லாமச் சரிபண்ணிடலாம்னு இருந்தேன்.

வாட்ச்சுல இருந்த முடியில அந்த வளையம் இருந்துச்சுக்கா. வேர்ல கருப்பு, அப்புறம் வெளுப்பு, அப்புறம் என் வளையம். மேலோட்டமாப் பட்டா அங்கேர்ந்து முடி வராது. கைய உள்ள விட்டுக் கோதணும்.

எதுவும் சொல்ல வேணாம். நேரமாச்சு, கழுவணும். இதுக்கு மேல விட்டா பஞ்சாயிடும். விட்டா என்னன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, பொய் சொல்லல. கை வரல.

வாங்க, தலையக் குழாய்க்கிட்ட சாய்ங்க. சூடு சரியா இருக்கா? கண்ண மூடிக்கங்க.

பாருங்க, ஒரு முடி ஒடையல. வளையமும் போயிடுச்சு. இனிமே யாரு வாட்ச்சுல மாட்டினாலும் என்னால கண்டுபிடிக்க முடியாது. துவட்டிட்டுப் போங்க, ஈரத்தோட போனா சளி பிடிக்கும்.

அடுத்த தடவ பின்பக்கத்துக்கு யாரக் கூப்பிடுறதுன்னு யோசிக்காதீங்க. அவரு துணிமணிப் பெட்டிய உங்க வாசல்ல வெச்சிருக்கேன். வாட்ச்சும் அதுக்குள்ளதான் இருக்கு. மேல லைட்டு எரியல, பாத்து ஏறுங்க, கால்ல தட்டும்.