நாப்பது வீட்டுத் தண்ணி

— உங்க வீட்ல எத்தனை பேர்னு இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே.

— ரெண்டு பேரு டீச்சரம்மா. நானும் சம்சாரமும். அவ படுத்த படுக்கை பாருங்க, எழுந்து நடக்க மாட்டா. ஏன், பேனா அப்படியே நின்னுடுச்சு?

— ஒண்ணுமில்ல. வெளிய வெயில், உள்ள ஒரே இருட்டு. மோட்டார் சத்தம் வேற. நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னே தெரியல.

— இந்த பம்ப் ரூம் எப்பவும் இப்படித்தான். முப்பத்தோரு வருஷமா மோட்டார் போட்டுப் போட்டு எனக்குப் பழகிடுச்சு. சரி, விஷயத்துக்கு வாங்க. கண்டுபிடிச்சிட்டீங்க, அதானே?

— எதைண்ணே?

— காலையில இருந்து தெருத் தெருவா ஜனத்தொகைக் கணக்கெடுத்துட்டு வர்றீங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியுமா? நானே சொல்லிடறேன் பாருங்க. எங்க வீட்ட விட்டா இங்க நாப்பது வீடு. ஒண்ணுலயும் ஆள் கிடையாது.

— அண்ணே...

— குறுக்க பேசாதீங்க, சொன்னாத்தான் நெஞ்சு ஆறும். சாய ஃபேக்டரி வர்றதுக்கு முன்னாடி இங்க நாலே வீடு. வந்தப்புறம் மாடிப்படிக்கு அடியிலகூட குடித்தனம் வெச்சாங்க. அப்புறம் ஏரி ஒருநாள் ஊதா, ஒருநாள் பச்சை. துறைமுகத்துப் பக்கம் வேலை இருக்கு, புது வீடு இருக்குன்னாங்க. ஒவ்வொருத்தரா லாரி ஏறிட்டாங்க.

— போனதை நீங்க பார்த்தீங்களா?

— பார்க்கணுமா என்ன? ஒருநாள் பார்த்தா தெருவே வெறிச்சோடிக் கிடந்துச்சு. எனக்கு லாரி ஏற வழியில்ல. அவளத் தூக்கினாலே வலியில கத்துவா.

— சரிண்ணே. அப்புறம்?

— நூறு தலைக்குக் குறைஞ்சா தண்ணி லைனை வெட்டிடுவாங்க. மீட்டர் ஓடணும்ல? அதான் தினம் மத்தியானம் வீடு வீடாப் போய்க் குழாயத் திறந்து விடுறேன். ஆள் இருக்கிற மாதிரி கொடியில பழைய துணியப் போடுறேன். தப்புதான். நூறுன்னு போட்டுடுங்க டீச்சரம்மா, கால்ல விழறேன். லைன் போச்சுன்னா அவ நாக்கு வறண்டே செத்துடுவா!

— ஐயோ, எழுந்திருங்க. நூத்திப் பதினாலு எழுதியிருக்கேன்.

— உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கும்! இரக்கப்பட்டு நீங்களே போட்டீங்களா?

— இல்லண்ணே. எண்ணித்தான் எழுதினேன்.

— எதை எண்ணினீங்க? கொடியில கிடக்கிற துணியவா?

— ஆளுங்கள. ஏழாம் நம்பர் வீட்டுத் தையல்காரர் ஸ்டூல் போட்டு உக்கார வெச்சாரு. அவருக்கு ரெண்டு பொண்ணுங்க.

— ஒரு பொண்ணுதான். விளையாடாதீங்க.

— சின்னவளுக்கு ஆறு வயசு. இங்கதான் பொறந்தாளாம். முன்பல்லு விழுந்திருக்கு, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. குடிக்கத் தண்ணி கொடுத்தா. லேசா ஊதாவா இருந்துச்சு. நான் குடிக்கல.

— நேத்துகூட அந்த வீட்டுக்குள்ள போனேனே! ஒருத்தரும் இல்ல. பின்கதவு மட்டும் ஆடிக்கிட்டிருந்துச்சு.

— அடுப்பு?

— சூடா இருந்த மாதிரி... எனக்கு வயசாச்சு பாருங்க, கை மரத்துப் போச்சு. அடுப்பப் பத்தி ஏன் கேக்கறீங்க?

— நேத்து மத்தியானம் உலைய அப்படியே விட்டுட்டு ஓடினோம்னு தையல்காரர் சொன்னாரு.

— யாரைப் பார்த்து ஓடினாங்களாம்?

— அதைச் சொல்லல. உங்க வீடு பூட்டியிருந்துச்சு, அதனால அந்த வீட்டப் பத்தி அவங்ககிட்டயே கேட்டேன்.

— பூட்டா? உள்ள அவ படுத்திருக்காளே!

— ஏரி நிறம் மாறின வருஷமே பம்ப்காரரும் சம்சாரமும் ஒரே வாரத்துல செத்துட்டாங்களாம். இந்த ரூம் பக்கம் போகாதீங்கன்னாங்க. வீட்டுக்குப் பூட்டு, ஆனா இங்க மோட்டார் ஓடுது. நான்தான் யாரோ நிறுத்தாம விட்டுட்டுப் போயிருக்காங்கன்னு நினைச்சு வந்தேன்.

— பொய்! அப்போ தினம் நான் யாருக்குத் தண்ணி மொண்டு கொடுக்கிறேன்? சொல்லுங்க! யாருக்கு?

— தெரியாதுண்ணே, சத்தியமா தெரியாது. கத்தாதீங்க. உங்க ரெண்டு பேரையும் சேர்த்து நூத்திப் பதினாறுன்னே எழுதிடறேன்.

— எழுதினா லைனை வெட்ட மாட்டாங்கல்ல?

— நீங்க இனிமே குழாயத் திறக்காம இருந்தா வெட்ட மாட்டாங்க. மத்தியானமானா குழாய் தானாத் திறக்குதுன்னு பயந்துதான் நாப்பது வீட்டுக்காரங்களும் அடுத்த வாரம் காலி பண்ண லாரி சொல்லியிருக்காங்க.