பல்லியை இறக்குவது யார்

— போதும் அக்கா, இறக்குங்க.

— என்ன அவசரம்? ஏறும்போது மட்டும் சரசரன்னு போனே. உனக்குப் பல்லின்னு பேர் வெச்சவன் உன்னை நல்லாப் பார்த்துத்தான் வெச்சிருக்கான்.

— பாறை சுடுது. கையெல்லாம் வேர்வை, பிடி நிக்கல.

— சுடட்டும். சட்டையைப் பிழிஞ்சா வாளி நிறையுற புழுக்கத்துல, பாறையைக் கட்டிப் பிடிக்கிறதுக்குன்னு வேன் வெச்சு வந்த கூட்டம்தானே நீங்க? புத்தியுள்ளவன் நிழல்ல கிடப்பான்.

— எல்லாரும் நிழலுக்குத்தான் போயிட்டாங்க. நாம ரெண்டு பேர்தான் பாக்கி.

— அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். என் பெல்ட்டுல மாட்டின இந்தக் கயித்துப் பூட்டோட பிடியை இழுத்தாத்தானே நீ இறங்குவே?

— ஆமா. மெதுவா இழுங்க.

— இழுக்கலேன்னா?

— பூட்டிக்கும். நான் இப்படியே தொங்குவேன்.

— தொங்கு. காலையிலேருந்து அந்தக் கண்ணாடி போட்ட மாஸ்டர் எனக்குக் கயிறு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாரே, பாவம், ஆசையா கத்துக்க வந்திருக்கேன்னு நினைச்சிருப்பார். இப்ப சொல்லு. என் தம்பி பொண்டாட்டிகிட்ட உனக்கு என்ன பேச்சு?

— கீழ வந்து பேசலாமே, அக்கா.

— தரையில நின்னா ஆம்பளைங்க வழவழன்னுதான் பேசுவீங்க. அந்தரத்துல தொங்கவிட்டாத்தான் உண்மை உதிரும்.

— அவங்க வேலை பாக்குற ஆஸ்பத்திரியில லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தேன். அப்படித்தான் பழக்கம்.

— லிஃப்ட் மெக்கானிக்! ஊரையெல்லாம் நோகாம மேல அனுப்புற உத்தியோகம். லீவு நாள்ல மட்டும் தன் கையால ஏறணுமாம்.

— சிரிக்காதீங்க அக்கா, கயிறு ஆடுது.

— என் தம்பி ஸ்டூல்ல ஏறினாலே தலை சுத்தும்பான். வீட்டுல பல்பு போனா நான்தான் ஏறணும். அவன் கண்ணை மூடிக்கிட்டு ஸ்டூலைப் பிடிச்சுக்குவான். அப்படிப்பட்டவனோட பொண்டாட்டி, அவன் செத்து ரெண்டு வருஷம் ஆகல, பாறை ஏறக் கிளம்பிட்டா. எதுக்குன்னு வந்து பார்த்தா மேல ஒரு பல்லி ஒட்டிக்கிட்டிருக்கு. எப்ப கல்யாணம்?

— கல்யாணமெல்லாம் இல்ல.

— ஓகோ! அந்த எண்ணமே துரைக்குக் கிடையாதா?

— ஐயையோ, அப்படியில்ல! நான் கேட்டேன். போன மாசம் கேட்டேன். அவங்க வேண்டாம்னுட்டாங்க.

— வேண்டாம்னாளா? உன்னையா?

— ம்.

— ஏன், உனக்கு என்ன குறைச்சல்?

— இவ்வளவு நேரம் நீங்கதானே பல்லின்னீங்க?

— அது நான் சொல்லுவேன். அவ எப்படிச் சொல்லலாம்? காரணம் என்னவாம்?

— உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

— கயிறு யார் கையில இருக்குன்னு ஞாபகம் இருக்கா?

— நல்லா இருக்கு. ஆனாலும் சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்துட்டேன்.

— கால் மரத்துப்போயிடும்.

— அது எப்பவோ மரத்துப்போச்சு.

— அடேயப்பா, வீம்பைப் பாரு. சரி, தொங்கு. இதோ, அவளே தண்ணி பாட்டிலோட வர்றா.

— அண்ணி! என்ன இது, அவரை இன்னுமா மேலயே வெச்சிருக்கீங்க?

— வாம்மா. நீ வேண்டாம்னவர் காய்ஞ்சுக்கிட்டிருக்கார்.

— சொல்லிட்டாரா?

— வேண்டாம்னியாம், அது வரைக்கும் சொன்னான். ஏன்னு கேட்டா வாயில பூட்டு. நீ சொல்லு.

— முதல்ல இறக்குங்க, அண்ணி.

— முதல்ல சொல்லு.

— நானும் போயிட்டா உங்களுக்கு யார் இருக்கா?

— எனக்கென்ன கேடு? அக்கம்பக்கத்துல கேட்டுப் பாரு. என் வாய்க்குப் பயந்து நாய்கூட அந்தத் தெருவுல குரைக்கிறதில்ல.

— அந்த வாய்க்குச் சொந்தக்காரங்க ராத்திரியில என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியும். உங்க தம்பி லேட்டா வருவார்னு இன்னும் கதவைத் தாழ் போடாம வந்து படுக்கிறீங்க. நீங்க தூங்கினப்புறம் நான் எழுந்து போய்ப் போடுறேன். நான் போயிட்டா யார் போடுவா?

— இதையா இவன்கிட்ட சொன்னே?

— வேற என்ன சொல்லச் சொல்றீங்க? பிடிக்கலேன்னு பொய் சொல்ல வரல.

— ஒரு தாழ்ப்பாளுக்காக ஒருத்தி வாழ்க்கையையே வேண்டாம்னாளாம். பூட்டுக்கடைக்காரன்கிட்ட சொன்னாக்கூட விழுந்து விழுந்து சிரிப்பான்.

— சிரிக்கட்டும்.

— வெயில்ல உங்க ரெண்டு பேருக்கும் மூளை உருகித்தான் போச்சு. இவன் என்னடான்னா தொங்கிக்கிட்டே வாக்கைக் காப்பாத்துறான். நீ என்னடான்னா ஒரு கிழவிக்குக் காவல் இருக்கே.

— அக்கா, நிஜமாவே முடியல…

— சும்மா இரு பல்லி, குடும்ப விஷயம் பேசிக்கிட்டிருக்கோம்.

— பாவம் அண்ணி, இறக்குங்க.

— மாட்டேன். இங்க வா. உன் பெல்ட்டுல இந்தப் பூட்டை மாட்டு. நல்லா மாட்டு, அதுக்கப்புறம்தான் நான் விடுவேன். மாட்டியாச்சா?

— மாட்டிட்டேன். எதுக்கு?

— உன் ஆளை நீயே இறக்கிக்கோ. கதவை இன்னியிலேருந்து நானே தாழ் போட்டுக்கிறேன்.