நாய்க்குட்டியின் கஞ்சி

"நாய்க்குட்டிக்கு வெச்ச கஞ்சிய நான் குடிச்சுபோட்டனுங்க்கா."

அவிநாசி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த இளம்பெண் சொன்னாள். பக்கத்தில் இருந்த அம்மாள் டிக்கெட்டை மடிப்பதை நிறுத்தினாள்.

"ஏன் அம்மணி?"

"குட்டிக்குப் பொறந்ததுல இருந்தே எதுவும் செரிக்கறதில்லீங்க. காலம் பூரா பத்தியந்தான்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. அடுப்பு பத்த வெக்கத் தெரியாத எங்க ஊட்டுக்காரரு, இப்பக் கஞ்சி காய்ச்சி, கோழிய வேகவெச்சுப் பிச்சுப்போட்டு, ஊதி ஊதி ஊட்டறாருங்க."

"நல்லதுதான?"

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கடையில இட்லி வாங்கியாந்து, பொட்டலத்தைக்கூடப் பிரிக்காம வெச்சுட்டு ஆபீஸ் போயிட்டாருங்க. அதான், இன்னிக்கு அவரு குளிக்கப் போனதும் எடுத்துக் குடிச்சுபோட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"உப்பே இல்லீங்க்கா. ஆனா சூடு பதமா இருந்துச்சு."

அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அவருக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"எங்கீங்க! வந்து காலிக் கிண்ணத்தைப் பாத்தாரு. 'பூராத்தையும் தின்னுபோட்டியா, என்ற கண்ணு'ன்னு குட்டியத் தூக்கி முத்தம் குடுக்கறாருங்க."