உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும்

காவேரி: ...அப்போ பத்து நாளும் வாயே தொறக்கல? நீ?

நடேசன்: தொறக்கல.

காவேரி: செம்பரம்பாக்கத்துக் கரையில நின்னு கத்துனா மணிமங்கலத்துல கேக்கும் உன் கொரலு! கம்பெனிக்காரன் கில்லாடிதான்யா. சம்பளம் ஏத்துன்னு கம்பெனி கேட்டு வாசல்ல கோஷம் போட்ட ஆறு பேரையும் பொறுக்கி எட்த்து, சாமியார் கேம்ப்புக்கு அனுப்பிட்டான்.

நடேசன்: சாமியார் இல்ல. புத்தர் சொன்ன தியானம். மொதல்ல மூச்ச கவனிக்கணும்... அப்பால ஒடம்ப.

காவேரி: ஒடம்புல இன்னாத்த?

நடேசன்: கண்ண மூடிக்கினு, உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் ஒவ்வொரு எடமா மனசாலயே போவணும். அரிக்குதா, சுடுதா, வலிக்குதா... சொம்மா பாத்துக்கினே இருக்கணும். சொறியக் கூடாது.

காவேரி: கொசு கட்ச்சா?

நடேசன்: அதையும் பாக்கணும்.

காவேரி: கொசுவுக்குக் கல்யாணச் சாப்பாடு! எட்டு மணி நேரம் பிரெஸ் மிஷின்ல நின்னுட்டு வந்து படுத்தா, எங்க வலிக்குதுன்னு ஒடம்பே கூவும். அதுக்கு ஒரு கேம்ப்பா? ராத்திரிக்கு இன்னா போட்டான்?

நடேசன்: பொரி. டீ.

காவேரி: சம்பளம் கேட்டா பொரி! தேவலயே... இன்னாய்யா, சிரிப்பையும் அங்கயே வுட்டுட்டு வந்துட்டியா?

நடேசன்: கடேசி நாள்ல வாத்தியாரு ஒவ்வொருத்தனா கூப்ட்டுக் கேட்டாரு. ஒடம்பு பூரா உணர்ச்சி தெரியுதான்னு.

காவேரி: நீ இன்னா சொன்ன?

நடேசன்: சூப்பர்வைசர் கேட்டா சொல்வோமே, அதுமாரி சொல்லிட்டேன். எல்லாம் ஓகே சார்னு.

காவேரி: அப்போ... ஓகே இல்லியா?

நடேசன்: முழங்கைக்கு மேல ஒரு எடம். நாலணா அகலம். பத்து நாளும் தேடினேன் காவேரி. அங்க மட்டும் ஒண்ணுமே தெரியல.

காவேரி: வெளுப்பா கீதே, அந்தத் தேமலா?

நடேசன்: நானும் தேமல்னுதான் நெனச்சேன். குண்டூசியால குத்திப் பாத்தேன். ரத்தம் வருது... வலிக்கல.

காவேரி: எங்க, கைய இப்டி காட்டு.

நடேசன்: திங்கக்கெழம கம்பெனி டாக்டர் செக்கப். சட்டைய கழட்டச் சொல்வான். குஷ்டம்னு எழுதிட்டான்னா வேல போச்சு. கோஷம் போட்டவன தொரத்த எப்படான்னு காத்துக்கினு கீறானுங்க.

காவேரி: மெதுவா பேசு. கொழந்த தூங்குது.

நடேசன்: அதத்தான் சொல்றேன். கொழந்தய தூக்கிக்கினு நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிடு. ஒட்டிக்கப் போவுது.

காவேரி: போயிடணுமா?

நடேசன்: கிண்டல் பண்ணாத காவேரி. பயமா கீது.

காவேரி: யாரு யாருக்கு ஒட்டுச்சோ! என் முதுகுலயும் இதேமாரி ரெண்டு கீதுய்யா. சத்து மாத்திரன்னு உன்கிட்ட சொல்லிட்டு அஞ்சு மாசமா நான் முழுங்கறது அதுக்குத்தான். மாத்திர துன்னா ஆறிடும், யாருக்கும் ஒட்டாதுன்னு ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாங்க. காலையில நீயும் கெளம்பு, திங்கக்கெழமைக்கு இன்னா பண்றதுன்னு அவங்களையே கேப்போம். உன்கிட்ட ஏன் சொல்லலன்னா... சொன்னா உங்கம்மா வூட்டுக்குப் போயிடுன்னு சொல்லிடுவியோன்னு பயந்துக்கினு இருந்தேன். சொல்லிட்ட, பாரு.